உப்புக்காற்றில் ஒரு நீலக் கூரை

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உற்சாகமூட்டுவதாக இருக்க வேண்டுமாம். உற்சாகம் உங்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. போன வாரம் நான் வந்திருந்தபோது, கம்ப்யூட்டர் திரையில் ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினீர்கள். வாசலில் வெளிநாட்டுக் கார், மாடியில் புல்வெளி, பின்னால் சூரியன் மறைகிறது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "மாடியில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த வழியாகக் கீழே வரும்?" நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். சூரியன் மட்டும் விடாமல் மறைந்துகொண்டே இருந்தது.

உங்களைக் கேலி செய்ய எனக்கும் பெரிய தகுதி கிடையாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டில் உட்கார்ந்து வீடு வரைவது ஒரு கஷ்டமே இல்லை. நாலடி தோண்டினால் பாறை. வருடத்தில் பாதி நாள் வெயில். காற்று என்றால் ஆடி மாதம் கொஞ்சம் புழுதி பறக்கும். இங்கே யார் கட்டினாலும் வீடு நிற்கும். நான் கட்டியவை நின்றதற்கும் முக்கியக் காரணம் அதுதான். அதை என் திறமை என்று முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இஞ்சினியர் சங்கத்து விழாக்களில் கேடயம் வேறு கொடுத்து அந்த நம்பிக்கையை வளர்த்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு சண்முகம் என்று ஒருவர் வந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் போர் போடப் போயிருக்கிறார். மூன்று இடத்தில் போட்டும் உப்புத் தண்ணீர்தான் வந்தது. ஆனால் மனிதருக்கு அந்த ஊர்க் காற்று பிடித்துவிட்டது. கடலைப் பார்த்த மாதிரி ஓர் இடத்தை வாங்கிவிட்டுத்தான் திரும்பினார்.

"ஹால்ல உக்காந்தா கடல் தெரியோணுங்க. சுவரே வேண்டாமுங்க, பூராவும் கண்ணாடி. மேல நம்ம ஊரு ரைஸ் மில்லு மாதிரி பெரிய கூரையா இறக்கிருங்க, நல்லா முன்னால நீட்டி," என்றார்.

கடலோரத்தில் கண்ணாடிச் சுவர், அதற்கு மேல் முன்னால் நீட்டிய தகட்டுக் கூரை. புயலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. அன்று அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. முப்பது வருடமாகப் பெட்டி பெட்டியாக வீடு வரைந்து சலித்த கை. கடலைப் பார்த்து ஒன்று வரைந்தால் சங்கத்தில் நாலு பேர் பேசுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தபடியே பேசினார்கள், வேறு விதமாக.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியதையெல்லாம் செய்தேன். கடலோரக் காற்று வேகத்துக்குத்தான் கணக்குப் போட்டேன். தூண்களில் உப்பு இறங்கிக் கம்பியைத் தின்றுவிடும் என்று, கம்பியைச் சுற்றி நம் ஊரில் விடுவதைப்போல இரண்டு மடங்கு காங்கிரீட் விட்டேன். கலவைக்கு அந்த ஊர் போர் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, உள்நாட்டிலிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்தேன். எல்லாம் பெரிய பெரிய விஷயங்கள். பெரிய விஷயங்களைச் சரியாகச் செய்துவிட்ட மனிதனுக்குச் சின்ன விஷயங்களைக் காதில் வாங்கக் கௌரவம் இடம் கொடுப்பதில்லை.

கூரைக்கான போல்ட்டும் ஸ்க்ரூவும் திருச்செங்கோட்டிலேயே வாங்கினோம். ரிக் வண்டிக்காரர்களுக்குப் போல்ட் விற்கும் கடை அது. நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் நடத்துகிறார். நான், கான்டிராக்டர், என்னிடம் வேலை பார்த்த இரண்டு பையன்கள், நால்வரும் போயிருந்தோம். பட்டியலை வாங்கிப் பார்த்தவர் உடனே எடை போடவில்லை.

"இது எந்த ஊருக்குங்க?"

கான்டிராக்டர் ஊரைச் சொன்னார்.

"கடலுக்கு எவ்வளவு தூரமுங்க?"

"கூப்பிடு தூரம்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் பட்டியலைக் கல்லா மேல் வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். கடலோரம் வேலைக்குப் போய்த் திரும்பிய ரிக்குகளிலிருந்து கழற்றிய போல்ட்டுகள் அதில் கிடந்தன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே அறுகோணத் தலை முழுசாக, பளபளப்புகூடக் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதற்குக் கீழே கழுத்து, பல் குத்தும் குச்சி கனத்துக்கு இளைத்திருந்தது.

"தலையப் பாத்தா நல்லாத்தானுங்க இருக்கும். கழுத்துதான் போயிருக்கும். இந்தப் பூச்சு போட்ட சாமானமெல்லாம் அங்க நிக்காதுங்க. எஸ்எஸ் போடுங்க. எங்கிட்ட இந்த அளவுக்கு இல்லீங்க, சொன்னா பத்து நாள்ல வரவச்சுத் தாரனுங்க."

துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்கிறார். என் வரைபடத்தில் துத்தநாகப் பூச்சுப் போட்ட போல்ட் என்று எழுதியிருந்தேன், கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அச்சாகிவிட்டது. இரண்டு பையன்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதிரில் ஒரு கடைக்காரம்மா என் வரைபடத்தைத் திருத்துவதா?

"நீங்க போல்ட் வித்தாப் போதும் அம்மிணி. எது தாங்கும், எது தாங்காதுன்னு கணக்குப் போட நாங்க இருக்கறோம்," என்றேன்.

கான்டிராக்டர் சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி முகம் மாறவில்லை. என் கையிலிருந்த போல்ட்டை வாங்கித் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, கேட்டதை எடை போட்டுக் கொடுத்தார்.

வீடு எழும்பியது. கூரைக்குச் சண்முகம் நீல நிறத் தகடு வேண்டும் என்றார், கடலோடு பொருந்துமாம். சுற்று வட்டாரத்தில் அதுதான் ஒரே நீலக் கூரை. விழாவுக்கு இங்கிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் போனார்கள். எல்லோரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தைத்தான் நம் அலுவலகக் கையேட்டில் அட்டையில் போட்டிருந்தார்கள்.

சண்முகத்தின் மனைவி கோகிலாவுக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர்கள் மகள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். சண்முகம் ரிக் வண்டிகளோடு சத்தீஸ்கர் பக்கம் போய்விடும் மாதங்களில் தாயும் மகளும் கடலோர வீட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கத்துக் குடிசையிலிருந்த வீரமணி என்ற மீனவர்தான் அவர்களுக்குத் துணை. அவர்கள் இல்லாத நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

இரண்டாவது மழைக்காலத்தில் புயல் வந்தது. மூன்று நாளாகவே எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் கரையைக் கடக்கும் என்ற அன்று, காலை ஒன்பது மணிக்குக் கோகிலா போன் செய்தார்.

"சார், இங்க ஊருக்காரங்க முப்பது பேரு வாசல்ல நிக்கறாங்க. ஸ்கூல்ல தங்கச் சொல்லி மைக்குல சொல்லிட்டுப் போனாங்களாம். அது ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி இருக்குதுங்க. நம்மூட்டுலயே இருந்துக்கட்டுமான்னு கேக்கறாங்க. கைக்குழந்தையெல்லாம் இருக்குது. ஊரிலயே பெரிய ஊடு நம்ம ஊடுதானுங்க. உள்ள உட்டறட்டுங்களா?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"சார், கேக்குதுங்களா? நீங்க கட்டுன ஊடு. நீங்க சொன்னாச் சரிங்க."

தம்பிகளே, இந்தத் தொழிலில் யாரும் உங்களிடம் கேட்காத கேள்வி இது. பிளான் எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள், சமையலறை எந்தத் திசையில் என்று கேட்பார்கள், சன்னல் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்று கேட்பார்கள். முப்பது உயிரை உள்ளே விடலாமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் உடனே பதில் தெரிய வேண்டும்.

எனக்கு உடனே தெரிந்தது. போன் காதில் இருக்கும்போதே அந்தப் பிஸ்கட் டப்பா கண் முன்னால் வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கொஞ்சம் பொறுங்க அம்மிணி. பார்த்துட்டுக் கூப்பிடறேன்."

என்ன பார்த்தேன் தெரியுமா? என் கணக்கைத்தான். அந்த வீட்டுக் கோப்பை எடுத்து மேசையில் பிரித்தேன். காற்றின் வேகம் சரி. தகடு சரி. ஒரு போல்ட் எவ்வளவு இழுவை தாங்கும், சரி. எத்தனை போல்ட், சரி. முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டேன். மறுபடியும் சரி. அங்கே பெண்கள் கைக்குழந்தையோடு மழையில் நிற்கிறார்கள், இங்கே நான் ஃபேன் காற்றில் உட்கார்ந்து, என் கையெழுத்துக்குக் களங்கமில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு மணி நேரம் போயிற்று.

அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. போல்ட் கடைக்குப் போன் போட்டேன். யார் என்று சொன்னேன். நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க," என்றார் அந்தப் பெண்மணி. அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் இருந்தது.

"அன்னைக்கு வாங்கின அந்தப் போல்ட், ரெண்டு வருசத்துல எவ்வளவு இளைச்சிருக்கும்?"

"அளவெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்ககிட்ட வாங்கற ரிக்குக்காரங்க கடக்கரைப் பக்கம் போனா வருசத்துக்கு ஒருக்கா மாத்திருவாங்க." சட்டென்று அவர் குரல் மாறியது. "ஏனுங்க, இன்னைக்குப் புயலுன்னு டிவியில ஓடுது. அந்த ஊட்டுல ஆளுக இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க."

"அப்பறம் எங்கிட்ட என்னுங்க பேசிட்டு இருக்கறீங்க? போன வைங்க," என்று அவரே வைத்துவிட்டார்.

முப்பத்தைந்து வருட அனுபவத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான தொழில்நுட்ப ஆலோசனை அதுதான்.

கோகிலாவைப் பிடிக்க ஆறேழு முறை முயன்றேன். லைன் கிடைத்தபோது பின்னால் காற்று ஊளையிடுவது கேட்டது.

"அம்மிணி, எல்லாரையும் கூட்டிட்டு ஸ்கூலுக்குப் போயிருங்க. நீங்களும் பாப்பாவும் போயிருங்க. இப்பவே."

"எல்லாரும் ஹாலுக்குள்ள வந்து உக்காந்துட்டாங்க சார். மழைல எத்தன நேரம் நிப்பாங்க, நீங்களும் கூப்பிடலைங்களே."

"கிளப்புங்க. கண்ணாடி உடைஞ்சா காத்து உள்ள பூந்து கூரையக் கீழிருந்து தூக்கிரும். போல்ட் பிடிக்காது."



"உங்க ஊட்ட நீங்களே நம்பலீங்களா சார்?"

"நம்பலீங்க," என்றேன்.

அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. ஒன்பது மணிக்கே சொல்லியிருக்கலாம்.

கோகிலா கெட்டிக்காரர். என்னைத் திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. குழந்தைகளையும் வயதானவர்களையும் தன் காரில் இரண்டு நடையாக மகளை ஓட்டிப் போகச் சொன்னார். மற்றவர்களை நடக்க வைத்து, தானும் அவர்களோடு நடந்தார். இரண்டாவது நடைக்குப் பிறகு சாலையில் ஒரு மரம் விழுந்து கார் போக வழியில்லாமல் போயிற்று. அப்போதுதான் வீரமணியின் மாமியார் இன்னும் குடிசையில் கட்டிலோடு கிடப்பது தெரிந்தது. எழுந்து நடக்க முடியாதவர். ஊர் கலைந்த பரபரப்பில் ஆளுக்கு ஆள் மற்றவர் கூட்டி வந்திருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். வீரமணி திரும்பி ஓடினார். கிழவியை முதுகில் சுமந்துகொண்டு வரும்போது, நீட்டிவிட்டிருந்த கூரையின் ஓரத் தகடுகள் கழல ஆரம்பித்தன. பறந்து வந்த தகடு ஒன்று அவர் வலது தோளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கிழவியைக் கீழே போடாமல் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் விழுந்தார்.

பிற்பகலில் கண்ணாடிச் சுவர் உடைந்தது. அதன் பிறகு கூரை மொத்தமாகப் போய்விட்டது. ஹாலில் மனிதர் உட்காரக்கூடிய இடம் எதுவும் மிஞ்சவில்லை. என் தூண்கள் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றன. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

நான்காம் நாள் சண்முகமும் நானும் அங்கே நின்றோம். சத்தீஸ்கரிலிருந்து போனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்ட மனிதர், நேரில் திட்டவில்லை. தூணின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டை ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். விரலால் அசைத்தார். கையோடு ஒடிந்து வந்தது. இறங்கி வந்து அதை என்னிடம் காட்டினார்.

"எங்க ரிக்குல இதெல்லாம் வருசா வருசம் மாத்திருவமுங்க. கடல் பக்கமுன்னா பூச்சு போட்டதத் தொடவே மாட்டமுங்க. ஊட்டுக்குப் படிச்ச ஆளு பாத்துக்குவீங்கன்னு நான் வாயே தொறக்கலீங்க."

முப்பது வருடம் வீடு கட்டிய எனக்குத் தெரியாதது, போல்ட் விற்பவருக்குத் தெரியும், ரிக் வண்டி வைத்திருப்பவருக்கும் தெரியும். இருவரில் ஒருவர் சொல்லியும் நான் கேட்கவில்லை. இன்னொருவர் என் படிப்பை நம்பிச் சொல்லாமலே இருந்துவிட்டார். பட்டம் வாங்குவதால் இப்படி ஒரு வசதியும் உண்டு.

வீரமணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழக்கூடை வாங்கிக்கொண்டுதான் போனேன். அந்த அற்பத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். தோளில் பெரிய கட்டு. அவர் மனைவி கட்டில் ஓரமாக நின்றார்.

"கோகிலாம்மா ஒன்பது மணிக்கே உங்களக் கேட்டதாச் சொன்னாங்க சார். நீங்க பத்தரைக்குத்தான் சொன்னீங்களாம். அவ்வளவு நேரம் என்ன பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று வீரமணி கேட்டார். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கூரைக்கு நான் போட்ட கணக்கு சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி பழக்கூடையை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வீரமணியின் வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்புவதில்லை. கடலில் வலை வீசுகிற தொழிலுக்கு அது போதாது.

அவரைக் கிழித்தது எந்த வீட்டுத் தகடு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நீல நிறம்.

என் கணக்கு எங்கே தப்பு என்று கேட்பீர்கள். எங்கேயும் இல்லை. புதுப் போல்ட்டுக்கும் உடையாத கண்ணாடிக்கும் அந்தக் கணக்கு இன்றும் சரி. ஆனால் அந்த வீட்டில் அவை இரண்டும் கிடையாது. காகிதத்தில் இருந்த வீட்டை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், ஆட்கள் வேறொரு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த வேலைக்கு "மறு ஆய்வு" என்று நீங்கள் பெயர் வைப்பீர்கள். பயம் என்பது சரியான பெயர்.

வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கு வேறு இஞ்சினியரைப் பார்க்கலாம் என்று சண்முகம் சொன்னதாகவும், கோகிலா மறுத்ததாகவும் பிறகு தெரிந்தது. "இவரு இனி பயந்து கட்டுவாருங்க, இவரே இருக்கட்டும்" என்றாராம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன்.

பயந்துதான் கட்டினேன். நீட்டல் இல்லாத காங்கிரீட் கூரை. கடல் பக்கம் சின்னச் சின்னச் சன்னல்கள், வெளியே கனத்த மரக்கதவு, புயலென்றால் இழுத்துத் தாழ் போட்டுவிடலாம். பின்பக்கமும் அப்படியே, ஏனென்றால் புயலின் கண் கடந்த பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி வரும். வெளியே தெரியும் ஆணி, கீல், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. பட்டியலை நானே திருச்செங்கோட்டுக் கடைக்குக் கொண்டுபோய், கான்டிராக்டர் எதிரிலேயே அந்தப் பெண்மணியிடம் கொடுத்து, "தப்பா இருந்தா அடிச்சுத் திருத்துங்க அம்மிணி" என்றேன். நிஜமாகவே இரண்டை அடித்துத் திருத்தினார். பார்ப்பதற்கு வீடு தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று சண்முகம் குறைப்பட்டார். உண்மைதான். எந்தக் கையேட்டின் அட்டையிலும் அதைப் போட மாட்டார்கள்.

அடுத்த வருடம் மறுபடியும் புயல் எச்சரிக்கை. போன வருடத்தைவிட மோசம் என்றார்கள். நான் காலை ஆறு மணிக்கே குளித்து, கோப்புகளை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த முறை என்ன பதில் என்பது எனக்குத் தெரியும். வீடு தாங்கும். தைரியமாக உள்ளே விடலாம். கேட்டவுடன் சொல்லிவிட வேண்டும் என்று அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

ஏழு மணிக்குக் கோகிலா கூப்பிட்டார்.

"சார், நாங்க ஊருக்காரங்களோட ஸ்கூலுக்குப் போறமுங்க. வீரமணி மாமியார முதல் வண்டியிலயே ஏத்தியாச்சுங்க."

"அம்மிணி, இந்தத் தடவ வீடு…"

"தெரியுமுங்க சார். நல்லாத்தான் கட்டியிருக்கறீங்க. கேக்கறதுக்குக் கூப்பிடலீங்க, சொல்றதுக்குத்தான் கூப்பிட்டனுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.